குலதெய்வம் எதுவென்று தெரியவில்லையா? தேடும் வழி, ஆவணங்கள், செலவு, நாள்

என் மூத்த மகனுக்கு முதல் முடி இறக்க நாள் பார்த்தபோது, எந்தக் கோயிலில் இறக்குவது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தாத்தா 1940-களில் ஊரைவிட்டுச் சென்னைக்கு வேலைக்கு வந்தவர். அப்பா பிறந்ததும் வளர்ந்ததும் பெரம்பூரில். "நம்ம சாமி தெற்கே இருக்கு, அய்யனார்" என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்த ஊர் அய்யனார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு கேட்க ஆள் இல்லை. தெற்கே கண்மாய்க்குக் கண்மாய் அய்யனார் இருக்கிறார்.

கண்டுபிடிக்க இரண்டு வருடம் நான்கு மாதம் ஆனது. அதில் ஒன்றரை வருடம் வீணாகப் போனது. முறையாகத் தேடியிருந்தால் நான்கைந்து மாதத்தில் முடிந்திருக்கும். உங்களுக்கும் அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டியது பங்காளிகளை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். பங்காளி ஒருவர் கிடைத்துவிட்டால் அவரே உங்களைச் சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். நான் சாமியை நேராகத் தேடிப் போனதால்தான் அத்தனை காலம் ஆனது.

1. வீட்டில் பிறந்த பெண்களிடம் கேளுங்கள் (முதல் மாதம்)

குலதெய்வம் என்றதும் சித்தப்பா, பெரியப்பா என்று ஆண்களிடம்தான் போவோம். அவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அத்தைமாரிடம் முதலில் போங்கள். கல்யாணமாகிப் போகும்வரை பிறந்த வீட்டுச் சாமியைக் கும்பிட்டவர்கள் அவர்கள். போன இடத்தில் வேறு சாமி என்பதால், பழையது கலையாமல் அப்படியே நினைவில் இருக்கும். அதேபோல வீட்டுக்கு வந்த மூத்த மருமகள்கள். பொங்கல் வைத்ததும் பாத்திரம் சுமந்ததும் அவர்கள்தானே.

"நம்ம குலதெய்வம் எது?" என்று கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார்கள். என் அத்தைக்கு 84 வயது. மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் "தெரியாதுப்பா" என்றார். நான்காவது தடவை, "போகும்போது என்ன கட்டிக்கொண்டு போவீர்கள் அத்தை?" என்று கேட்டேன். புளிச்சோறு என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் பேசினார். விருதுநகரில் ரயிலைவிட்டு இறங்குவார்களாம். அங்கிருந்து மாட்டு வண்டி. வழியெல்லாம் கரிசல். கோயில் வாசலில் மண் குதிரைகள், அதில் ஒன்றுக்குக் காது உடைந்திருக்கும். கருப்பசாமிக்குக் கிடா வெட்டும்போது அய்யனார் கண்ணில் படக்கூடாது என்று வேட்டியைத் திரையாகப் பிடிப்பார்களாம். "அதில ஒரு முனையை எப்பவும் எங்கப்பாதான் பிடிப்பார்" என்றார். அந்த ஒரு வரியின் மதிப்பு அப்போது எனக்குத் தெரியவில்லை. எழுதி மட்டும் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்க வேண்டியவை இப்படிப்பட்டவை: எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? கோயில் கண்மாய்க் கரையிலா, காட்டுக்குள்ளா, வீட்டு வரிசையிலா? கட்டடம் உண்டா, வெறும் பீடமும் வேலும்தானா? வெண்பொங்கலா, சர்க்கரைப் பொங்கலா? பலி உண்டா, உண்டென்றால் எந்தச் சாமிக்கு? போனது பனிக்காலமா, வெயில் காலமா? யார் வீட்டில் தங்கினீர்கள்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். தங்கின வீடு பெரும்பாலும் பங்காளி வீடாகவோ, அத்தை மாமா வீடாகவோ இருக்கும்.

அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய் உட்காருங்கள். முதல் தடவை கிளறிவிட்டது இரண்டாம் தடவைதான் மேலே வரும். இந்த வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். காகிதம் காத்திருக்கும், பெரியவர்கள் உடம்பு காத்திருக்காது.

2. பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டியில் தேட வேண்டியவை இவை.

கல்யாணப் பத்திரிகை. எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. பல குடும்பங்கள் பத்திரிகைத் தலைப்பில் குலதெய்வத்தின் பெயரை ஊரோடு சேர்த்து "துணை" என்று போட்டிருக்கும். காதுகுத்து, சடங்குப் பத்திரிகைகளையும் விடாதீர்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் உறவினர் வீடுகளில் கேளுங்கள்.

மொய் நோட்டு. இதைப் போன்ற ஆவணம் வேறு இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர் எழுதியிருக்கும். 1958-இல் நடந்த அத்தை கல்யாணத்து நோட்டு எங்களுக்குக் கிடைத்தது. காலிகோ முதுகு பிய்ந்து, மை பழுப்பேறிப் போயிருந்தது. பக்கம் பக்கமாக ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். ஊர்ப் பெயர்களைத் தனியாக எழுதி, எந்த ஊர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினோம். ஒரே கிராமத்திலிருந்து 11 பேர் மொய் எழுதியிருந்தார்கள். அதுதான் நம் ஊர் என்று துள்ளிக் குதித்தேன். அங்கேதான் தவறினேன். அதைக் கீழே சொல்கிறேன்.

பத்திரங்கள், ரசீதுகள். பழைய கிரையப் பத்திரத்தில் இரு தரப்பினரின் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, சாதி, "விவசாய ஜீவனம்" என்பது வரை எழுதியிருப்பார்கள். செக்குபந்தி என்று வரும் பத்தியை, அதாவது நான்கு எல்லைகளை, எழுத்துக் கூட்டிப் படியுங்கள். "கோயில் பாதைக்குத் தெற்கு" என்று ஓர் எல்லை இருந்தால் உங்களுக்கு ஒரு கோயில் கிடைத்துவிட்டது.

வேலை பார்த்தவர்களின் ஓய்வூதியத் தாள்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், பழைய தபால் அட்டைகள். அட்டையின் மேல் இருக்கும் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கடிதத்தில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டாலும் முத்திரையில் இருக்கும்.

அப்புறம், குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். சுடலைமுத்து, இசக்கி, பேச்சிமுத்து என்று வந்தால் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் பாருங்கள். பச்சையப்பன், மன்னார் என்று வந்தால் வட மாவட்டங்களின் பச்சையம்மன், மன்னார்சாமி கோயில்கள் நினைவுக்கு வரட்டும். பெயர் ஒரு துப்பு, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

3. அரசு அலுவலகத்தில் கிடைப்பவை

வீட்டுப் பெட்டியில் எங்களுக்குப் பத்திரம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் பத்திர எண், 1952, ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர். இது போதும். எண்ணும் ஆண்டும் அலுவலகமும் தெரிந்தால் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனு போடலாம். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது, தேடுதல் கட்டணம், நகல் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய். பழைய தொகுதிகளைப் பரணிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை நேரில் போங்கள்.

வந்தது விடுதலைப் பத்திரம். தாத்தா தன் பங்கு வீட்டையும் அரை ஏக்கர் மானாவாரிக் காட்டையும் தன் அண்ணன் மகனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். பங்காளியின் பெயரும் ஊரும் ஒரே தாளில். அந்த ஊர், மொய் நோட்டில் 11 தடவை வந்த ஊர் இல்லை.

எண் தெரியாவிட்டால் வில்லங்கச் சான்று போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அண்மைக் காலத்தவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். தாத்தா காலத்தவை அதில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால்தான் தேட வேண்டும். எத்தனை ஆண்டுக்குத் தேடச் சொல்கிறீர்களோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். ஆகவே "1940 முதல் இன்றுவரை" என்று போடாமல், குடும்பம் ஊரைவிட்ட காலத்தைச் சுற்றிப் பத்து ஆண்டு போடுங்கள்.

ஊர் தெரிந்து கோயில் தெரியாதவர்கள் அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டை, அதாவது எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்ப் பதிவேட்டை, பாருங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் புல எண் கொடுத்தால் பதிவேட்டின் விவரம் இலவசமாக வரும். கோயில் பெயரில் இருக்கும் நிலமும், கோயில் புறம்போக்கும் அதில் தெரியும். முழுக் கிராமத்துக்கும் வேண்டுமென்றால் தாலுகா அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. மனுவில் "என் குலதெய்வம் எது" என்று எழுதாதீர்கள். "இன்ன கிராமத்தில் கோயில் பெயரில் பதிவாகியுள்ள புல எண்களின் அ-பதிவேட்டு நகல்" என்று எழுதுங்கள். இருக்கும் ஆவணத்தைக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அறநிலையத் துறைப் பட்டியலில் இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். குலதெய்வக் கோயில்களில் ஏராளமானவை பங்காளிகள் கையிலேயே இருப்பவை. அந்தப் பட்டியலில் வரவே வராது.

குடும்பம் கடல் கடந்து போயிருந்தால் வேறு தாள்கள் உதவும். இலங்கை மலையகத்திலிருந்து 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள், அப்போது கொடுத்த குடும்ப அட்டையையும் கடவுச்சீட்டையும் தேடுங்கள். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரையும், பிஜிக்கு 1879 முதல் 1916 வரையும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பதிவுகளில் மாவட்டம், தாலுகா, கிராமம் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

4. ஊரைச் சரியாக அடையாளம் காணுங்கள்

புதுப்பட்டி, நல்லூர், கோட்டையூர் எல்லாம் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். தாலுகா பெயர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மாவட்டப் பெயரும் ஏமாற்றும். பத்திரத்தில் "இராமநாதபுரம் ஜில்லா" என்று இருந்தால் அது இன்றைய சிவகங்கையாகவோ விருதுநகராகவோ இருக்கலாம், 1985-இல் பிரித்தார்கள். பழைய மதுரை ஜில்லாவில் திண்டுக்கல்லும் தேனியும் அடக்கம். "திருநெல்வேலி" என்றால் இன்றைய தூத்துக்குடியாக இருக்கலாம், 2019-இல் பிரிந்த தென்காசியாகவும் இருக்கலாம். புதுக்கோட்டை மாவட்டமானது 1974-இல்தான்.

ஆண்டுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழைய நில வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டுங்கள். பசலி 1362 என்றால் 1952 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும், அதோடு 825 கூட்டினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருடச் சுற்று என்பதை மறக்காதீர்கள். விகாரி என்று கோயில் மணியில் வெட்டியிருந்தால் அது 1959-ஆகவும் இருக்கலாம், 1899-ஆகவும் இருக்கலாம்.

இன்னும் சில சமூகங்களில் வழி எளிது. கொங்குப் பகுதியில் கூட்டத்தின், அதாவது குலப் பிரிவின், பெயர் தெரிந்தால் போதும், அந்தக் கூட்டத்துக்கு எந்த ஊரில் காணி, எது காணிக் கோயில் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நகரத்தாருக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில் பிரிவுகள், அதில் எது என்று தெரிந்தால் தேடலில் பாதி முடிந்தது.

5. நான் விழுந்த குழிகள்

முதலாவது, குறி கேட்டு ஊர் தேடியது. குலதெய்வம் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 6,500 ரூபாய் கொடுத்தோம். ஜாதகம் பார்த்து, சோழி போட்டு, ஒரு மலையடிவாரக் கோயிலைச் சொன்னார். ஏழு மாதம் அங்கே போய் வந்தோம். மனது ஒட்டவே இல்லை. குறி சொல்வதை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் கோயிலிலேயே கோடாங்கி உடுக்கை அடித்து இறங்கிப் பேசுகிறார், கண் கலங்கக் கைகட்டிக் கேட்கிறேன். அவர் பேசுவது அந்தச் சாமிக்குப் பிறந்த கூட்டத்திடம். எந்த ஊர், எந்தக் கூட்டம் என்பதையே தெரியாத ஒருவரிடம் பணம் கொடுத்துக் கேட்பது வேறு.

இரண்டாவது, தாத்தாவின் அம்மா வழி ஊரைச் சொந்த ஊர் என்று நினைத்தது. மொய் நோட்டில் 11 பேர் இருந்த கிராமத்துக்குப் போனோம். அருமையாக வரவேற்றார்கள். "உங்க தாத்தா எங்க வீட்ல வளர்ந்த பிள்ளை" என்று கோழி அடித்துச் சோறு போட்டார்கள். அவர்கள் சாமிக்கே பொங்கலும் வைத்தோம். சில மாதம் கழித்து அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அத்தையிடம் தொலைபேசியில், "தாயி, இது உங்க அப்பத்தா பிறந்த வீட்டுச் சாமியாச்சே. உங்களுக்குச் சாமி வேற இருக்கும்" என்றார். தாத்தா சின்ன வயதில் தகப்பனை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதைத் தவிர்க்க ஒரே கேள்வி போதும்: "நமக்குள்ள கொடுக்கல் வாங்கல் உண்டா?" பெண் கொடுத்திருக்கிறார்கள், எடுத்திருக்கிறார்கள் என்றால் அவர்கள் மாமன் மச்சான். அவர்கள் சாமி உங்கள் சாமி இல்லை. "அய்யய்யோ, நாம அண்ணன் தம்பியாச்சே" என்று பதறினால் சரியான வாசலுக்கு வந்துவிட்டீர்கள். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர், தத்துப் போனவர் யாராவது மேல் தலைமுறையில் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

மூன்றாவது, பத்திர நகலைக் கையில் பிடித்துக்கொண்டு சரியான ஊருக்குள் போனது. தாத்தாவின் அண்ணன் பேரன் வீட்டு வாசலில் நின்று, "எங்க தாத்தா 1952-ல உங்க அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் இது" என்று நீட்டினேன். அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் யாரும் பேசவில்லை. பங்கு கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள்மேல் தவறில்லை, அப்படிக் கேட்டு வந்தவர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள். பத்திரம், பட்டா எதையும் ஊருக்குள் எடுத்துப் போகாதீர்கள். பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

6. ஊருக்குள் போகும் முறை

அடுத்த தடவை அத்தையைக் காரில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். வயதானவர் ஒருவர், அதுவும் அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண், கூட இருந்தால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

வெற்றிலை பாக்கு, பழம், கொஞ்சம் பூ வாங்கிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் போனால் ஆட்கள் காட்டுக்குப் போயிருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். டீக்கடையிலோ மந்தையிலோ உட்கார்ந்து, "இந்த ஊர்ல எண்பது தாண்டின பெரியவங்க யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் சாதியைக் கேட்காதீர்கள், உங்கள் சாதியையும் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். முன்னோர் பெயரைச் சொல்லி, பட்டப்பெயர் இருந்தால் அதையும் சொல்லி, "அவங்க வகையறா தேடி வந்திருக்கோம், சாமி கும்பிடணும்" என்று சொன்னால் போதும். நிலம் பற்றி எதுவும் இல்லை என்பதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். கிராமத்தில் பட்டப்பெயர்தான் நிலைக்கும். பத்திரத்துப் பெயரைச் சொன்னால் விழிப்பவர்கள், "வண்டிக்காரர் வீடு" என்றால் கை காட்டுவார்கள்.

பங்காளி யாரும் ஊரில் இல்லை என்றால் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் பூசாரி. இன்னொருவர் மண் புரவி செய்யும் வேளார், அதாவது குயவர். எந்த வகையறா எந்த வருடம் குதிரை எடுத்தது என்பது அவர்கள் வீட்டில் தலைமுறையாக நினைவிருக்கும். பல அய்யனார் கோயில்களில் பூசாரியே வேளார்தான்.

கோயில் புதிதாக இருக்கிறதே, இதுவாக இருக்காதே என்ற சந்தேகம் வந்தால் பிடிமண் உண்டா என்று கேளுங்கள். ஊர்விட்டு ஊர் போன பங்காளிகள் மூலக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிடுவார்கள். மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கு முந்தைய ஊர் தெரிந்துவிடும்.

7. போக வேண்டிய நாள்

மதுரை, தேனி, விருதுநகர், சிவகங்கைப் பக்கம் மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்து சேருவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசியில் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில்கள் நிரம்பி வழியும், எங்கெங்கோ இருக்கும் குடும்பங்கள் அன்று ஒரு நாள் வந்துவிடும். வட மாவட்டங்களில் ஆடி மாதம், அங்காளம்மன் கோயில் என்றால் மாசி மயானக்கொள்ளை.

ஆனால் விசாரணையைத் திருவிழா நாளில் தொடங்காதீர்கள். அன்று யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. ஒரு மாதம் முன்னால் போய் விசாரியுங்கள். திருவிழா அன்று போய்ச் சரிபாருங்கள். ஒரே ஆண்டில் இரண்டும் முடியும்.

8. இதுதான் என்று எப்படி உறுதி செய்வது

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது மூன்று பொருந்த வேண்டும்.

நல்ல சாட்சி வரி நோட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு, யார் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். பழைய நோட்டுகள் சாமிப் பெட்டியிலோ, நிர்வாகம் பார்ப்பவர் வீட்டிலோ இருக்கும். எடுத்துக்காட்டச் சொல்லிக் கேட்கலாம், கையில் கொடு என்று கேட்க வேண்டாம். அப்புறம் கோயில் மணி, வேல், அரிவாள், குத்துவிளக்கு. உபயம் செய்தவர் பெயரை வெட்டியிருப்பார்கள். பழைய மணிகளில் தமிழ் எண்கள் இருக்கும், ௧௯௩௬ என்றால் 1936. விபூதி தடவித் துடைத்தால் எழுத்து தெளியும். பூசாரியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எங்களுக்கு வரி நோட்டில் தாத்தா பெயர் இல்லை, 1950-களின் நோட்டு கரையான் அரித்துப் போயிருந்தது. ஊர்ப் பெரியவரிடம் அத்தை பேசிக்கொண்டிருந்தார். புளிச்சோறு, மாட்டு வண்டி, காது உடைந்த குதிரை. பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. "எங்கப்பா திரை வேட்டியில ஒரு முனையைப் பிடிப்பார்" என்று அத்தை சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த முனை தாயி?" என்றார். அத்தை கண்ணை மூடி யோசித்துவிட்டு, "சாமிக்கு வலக்கைப் பக்கம்" என்றார். அந்த ஊரில் திரை பிடிப்பது இரண்டு வகையறாவுக்கு உரிய உரிமையாம். வலப்பக்கம் பிடிக்கும் வகையறாவில் ஒரு கிளை ஊரைவிட்டுப் போய் ஆள் தெரியாமல் போனதாகச் சொன்னார். கதவைச் சாத்தின அண்ணன் பேரனைப் பெரியவரே போய்க் கூட்டி வந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் மனதில் ஐயம் இருந்தால் பூ வாக்குக் கேட்கலாம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, விவரம் அறியாத பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அதைக் கடைசியில் வையுங்கள், முதலில் வைக்காதீர்கள்.

9. செலவு

எனக்கு ஆனது: குறி கேட்டது 6,500 ரூபாய். நான்கு பயணம், தங்கல், வாடகைக் கார் எல்லாம் சேர்த்து 38,000. பத்திர நகல், மனுக்கள் 900-க்குள். முதல் பொங்கலுக்கு 14,000, அதில் பாதி சமையலும் வந்தவர்களுக்குச் சாப்பாடும். அந்த வருட வரி 1,500. குறி கேட்ட செலவைத் தள்ளுங்கள், பயணத்தை இரண்டாகக் குறையுங்கள், உங்களுக்கு இதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆகும்.

விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் சேர்த்து வரி கட்டச் சொல்வார்களோ என்று பயந்தேன். எங்கள் ஊரில் கேட்கவில்லை, நடப்பு வருடத்துக்குத்தான் வாங்கினார்கள். உங்களிடம் கேட்டால் மனம் கோணாமல் பேசி முடியுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் கோபுரம் கட்டித் தருகிறேன், கொட்டகை போட்டுத் தருகிறேன் என்று நீங்களாக வாய்விடாதீர்கள். அதனால் பங்காளிகளுக்குள் யார் பெரியவர் என்ற சிக்கல் வரும். இரண்டு மூன்று வருடம் வரி கட்டி, வரிசையில் நின்று, இலை எடுத்துப் பழகுங்கள்.

10. தேடிக்கொண்டிருக்கும் காலத்தில்

கண்டுபிடிக்கும்வரை வீட்டில் நல்லது கெட்டது நிற்காதே. மஞ்சள் துணியில் 11 ரூபாய் காணிக்கை முடிந்து, "பேர் தெரியாத எங்க சாமிக்கு" என்று சொல்லிப் பூசையறையில் வைத்தார் என் மனைவி. கிடைத்ததும் அந்த முடிச்சை உண்டியலில் போட்டோம். தென்பகுதியில் குலதெய்வம் தெரியாதவர்கள் திருச்செந்தூர் முருகனைக் குலதெய்வமாக நினைத்து முடி இறக்கிக் காது குத்துவார்கள். நாங்களும் பையனுக்கு முதல் முடியை அங்கேதான் இறக்கினோம். பிறகு சாமி கிடைத்ததும், எங்கள் கோயிலில் இன்னொரு முடி இறக்கினோம். பூசாரி அதில் குற்றம் எதுவும் சொல்லவில்லை.

11. முதல் வழிபாட்டுக்கு

நீங்களாக எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். எந்தச் சாமிக்கு எது, யார் பொங்கல் பானையை முதலில் ஏற்றுவது, பெண்கள் எதுவரை போகலாம், கிடா உண்டா இல்லையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கோயிலில் 21 பந்தித் தெய்வங்கள். அய்யனாருக்குச் சைவப் படைப்பு மட்டும், கருப்பசாமிக்குத்தான் கிடா. முதல் வருடம் கிடா வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்றார்கள், நாங்கள் வெண்பொங்கலும் தேங்காய் பழமும் மட்டும் வைத்தோம்.

உங்கள் வகையறாவுக்கு என்று ஏதாவது கடமை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எண்ணெய், மாலை, பந்தம், சுருட்டு என்று ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒன்று இருக்கலாம், அதைக் கொடுக்க ஆளில்லாமல் யாரோ இத்தனை காலம் உங்களுக்காகச் செய்துகொண்டிருப்பார்கள். நாங்கள் வருடா வருடம் கொண்டுபோக வேண்டியது சலவை காணாத புது எட்டு முழ வேட்டி ஒன்று. கரை இருக்கக்கூடாது. விருதுநகரிலேயே வாங்கிக்கொள்கிறோம்.